அறிமுகக் கடிதம்

சுற்றம் என்னும் சொல் நம்மைச் சுற்றியிருப்பவரைக் குறிக்கும். அருகில் இருப்பவர், அழைத்தால் வருபவர், நன்மை தீமைகளுக்கு வாசலில் வந்து நிற்பவர் என்பதே அச்சொல்லின் உட்பொருள். வள்ளுவப் பெருந்தகை சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தழால் என்பது தழுவிக்கொள்ளுதல். ஆனால், தழுவ வேண்டிய கைகளுக்கு இடையே ஒரு கடலும் இரண்டு அரசுகளும் மூன்று தலைமுறைக் காலமும் புகுந்துவிட்டால் சுற்றம் என்னாவது? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களாகிய நம்முள் பலர் இவ்வினாவை நமக்குள் கேட்டுக்கொள்வதில்லை. எனினும், கேட்டே ஆக வேண்டிய நாள் ஒன்று வருகிறது. தமிழகத்திலிருந்து ஒரு குரல், ‘உங்களையெல்லாம் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும், விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்று தொலைபேசியில் கேட்கும். அன்று நாம் விடை சொல்லியாக வேண்டும்.

எனக்கு அந்நாள் 2023ஆம் ஆண்டு சித்திரையில் வந்தது. கேட்டவர் என் அத்தை; என் தந்தையாரின் ஒரே தங்கை. மன்னார்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்பவர். வயது எண்பது. அதுவரை அவர் கடப்பிதழ் என்ற ஒன்றைக் கையால் தொட்டதில்லை. என் தந்தையாருக்கோ தொண்ணூற்றொன்று. 1998இல் ஊருக்குச் சென்று வந்தவர் பிறகு செல்லவில்லை. 2015இல் பக்கவாதம் கண்டபின் வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிதாயிற்று. கைத்தொலைபேசித் திரையில் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசியதுண்டு. ஆயின், அவருக்குச் செவி மங்கிவிட்டது. திரையில் அசையும் முகத்தைக் காட்டி, ‘இவர் யார்?’ என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். அதைக் கேட்ட பிறகே அத்தை அந்த முடிவுக்கு வந்தார். ‘அண்ணனால வர முடியாது தம்பி. நான் வந்து ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன். அதுக்கு வழி பண்ணு’ என்றார்.

வழி என்று அவர் சொன்ன சொல்லின் பொருள், தந்தையார் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் வேறு, இன்று வேறு. தந்தையார் 1950ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறினார். அக்கப்பல் 1926 முதல் தமிழகத் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்குமிடையே ஓடியது. நம் முன்னோருள் பல்லாயிரவர் அதன் தளத்தில் பாய்விரித்துப் படுத்தே கடல் கடந்தனர். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வரிசையாகத் துறைமுகங்கள் வரும். அப்பொழுதும் வாசல் முற்றும் திறந்து கிடந்ததென்று எண்ண வேண்டா. உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு 1938இலேயே தடை செய்துவிட்டது. ஆயினும், சொந்தச் செலவில் வருபவர்க்கு வழி இருந்தது. 1953இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடுமையான குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பின் அவ்வழி மிகக் குறுகிற்று. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலும் 1985இல் தீவிபத்துக்குள்ளாகி நின்றது. கப்பல் ஓய்ந்தது, விமானம் வந்தது. ஒரு வாரப் பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிற்று. தொலைவு குறையக் குறைய, வாசலில் கேட்கப்படும் கேள்விகள் பெருகின. இதுவே கடந்த எழுபதாண்டுக் கதையின் சுருக்கம்.

இன்று இந்தியக் குடிமக்கள் சிங்கப்பூருக்கு வர விசா வேண்டும். படிவம் 14ஏ என்பது விண்ணப்பம். இங்குள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ உறவினருக்காகத் தரும் அறிமுகக் கடிதம் ஒன்றுண்டு. அது படிவம் வி39ஏ. சிங்பாஸ் கணக்குடையவர் இவற்றை இணையவழியே அனுப்பலாம். கட்டணம் 30 வெள்ளி. அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. கடப்பிதழ், வந்துசேரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த நிழற்படம் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தாலும், விசா என்பது வாசல்வரை வருவதற்கான இசைவே. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சாங்கியில் இருக்கும் அதிகாரியே முடிவு செய்வார். சொல்லும்போது எளிதாகத்தான் தோன்றுகிறது. ஒவ்வொரு கட்டமாக நிரப்பும்போதுதான் அதன் ஆழம் தெரியும்.

முதற்கட்டம் பெயர். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் வழக்கம். அத்தையின் குடும்ப அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து நின்றது. வாக்காளர் அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து நின்றது. ஆதார் அட்டையில் தலைப்பெழுத்தே இல்லை. கடப்பிதழில் எதை இடுவது என்று தீர்மானிக்கவே ஒரு மாதம் கழிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் என் பாட்டனார் பெயரில் இருந்தது. தமிழில் பகரம் ஒன்றே. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்துகள். இங்கே தந்தையாரின் அடையாள அட்டையை எழுதிய எழுத்தர் ஓர் எழுத்தைப் போட்டார். அங்கே அத்தையின் சான்றிதழை எழுதியவர் மற்றோர் எழுத்தைப் போட்டார். இங்கே ஈற்றில் மகரம், அங்கே னகரம். ஒரு தந்தைக்குப் பிறந்த இருவர், தாள்களில் இரு வேறு மனிதரின் மக்களாகிவிட்டனர். தமிழில் எழுதிக் காட்டினால் எவரும் ஒரு பெயரென்று ஒப்புவர். ஆனால் தமிழில் எழுதுவதற்கு அங்கே கட்டம் இல்லை.

பிறந்த நாளும் அப்படியே. மாசி மகத்துக்கு முந்திய நாள் பிறந்தவர் என்று பாட்டி சொல்லக் கேட்டதே அத்தைக்குத் தெரிந்த சான்று. ஆதார் அட்டையோ 1943 ஜனவரி 1 என்று கூறிற்று. அவர் தலைமுறையில் நாள் தெரியாத முதியவர் பலர் தாள்களில் ஆங்கிலப் புத்தாண்டு அன்று பிறந்தவர்களே. ‘யாரோ கொடுத்த பொறந்த நாளு, இருந்துட்டுப் போகட்டும்’ என்று அத்தை அதை ஏற்றுக்கொண்டார்.

தொழில் என்ற கட்டத்தில் மட்டும் அவர் இணங்கவில்லை. நகரத்தில் தாள்களைத் தயாரித்துக் கொடுக்கும் முகவர் ஒருவர், ‘வேலை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அத்தை தொலைபேசியில் சினந்தார். ‘பத்து வயசுல நாத்துக்கட்டு தூக்குனவ நான். அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் நடவு நட்டிருக்கேன். வேலை இல்லைன்னு எழுத அவன் யாரு?’ என்றார். காவிரிக் கடைமடையில் ஐம்பத்தைந்து ஆண்டு குனிந்து நிமிர்ந்த முதுகை ஒரு சொல்லில் எழுதுவது எங்ஙனம்? ‘ஓய்வுபெற்ற விவசாயி’ என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது, ‘ஓய்வெல்லாம் எங்க தம்பி?’ என்று சிரித்தார். அதே முகவர், வங்கிக் கணக்கில் சில இலட்சம் இருப்பதாகக் காட்டும் தாளுக்கும் வழி உண்டு என்றும், அதற்குக் கட்டணம் தனி என்றும் சொல்லியனுப்பினார். வேண்டா என்று மறுத்துவிட்டேன். இல்லாத பணத்தைக் காட்டி உள்ள உறவை மெய்ப்பிக்க முயல்வது, உறவையும் பொய்யாக்கிவிடும்.

அடுத்தது உறவுமுறை என்ற கட்டம். தமிழாசிரியர்களும் மாணவர்களும் சற்று நின்று எண்ண வேண்டிய இடம் இது. தந்தையுடன் பிறந்தவள் அத்தை. தாயுடன் பிறந்தவள் பெரியம்மா அல்லது சித்தி. மாமன் மனைவி மாமி. ஆங்கிலம் இவர் அனைவரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும். நமக்கோ இவர்களுள் ஒருவருக்குரிய இடம் மற்றவர்க்கு இல்லை. மணவறையில் தாலியின் மூன்றாம் முடிச்சைப் போடுபவர் மணமகனின் உடன்பிறந்தாள். அம்முடிச்சுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு அவரே அத்தை. 1959இல் தந்தையார் ஊருக்குச் சென்று மணம் செய்துகொண்டபோது, பதினாறு வயதுப் பெண்ணாக நின்று என் தாயார் கழுத்தில் அம்முடிச்சைப் போட்டவர் இந்த அத்தைதான். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய உறவு அது. அதை எழுதவும் அங்கே கட்டம் இல்லை. கட்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. உலகின் நாற்றிசையிலிருந்தும் வருவோர்க்கு ஒரே படிவம் என்னும்போது, அது எல்லா மொழிகளின் உறவையும் அறிந்திருக்க இயலாது. அறிந்திருக்க வேண்டியவர் நாம்.

அத்தை தனியே வர இயலாது. அவரை அழைத்துவர மகன் வயிற்றுப் பேரன் முன்வந்தான். இருபத்துமூன்று வயது, இயந்திரவியலில் பட்டயம் பெற்றவன், ஒரு பட்டறையில் நாட்கூலிக்கு வேலை பார்த்து வந்தான். அத்தை மகனின் மகன் எனக்கு மருமகன் முறை. ஆங்கிலக் கணக்கில் அவன் ‘ஒரு படி விலகிய’ உறவினன்! தமிழில் அவன் விலகவில்லை. என்னை மாமா என்று அழைப்பவன். ஆயினும் நான் அவனை ஒரே ஒரு முறை, அவன் தவழும் பருவத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவே.

ஒரு நாள் இரவு அவன் தனியே அழைத்தான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, ‘மாமா, பாட்டியை விட்டுட்டு நான் மட்டும் அங்கேயே தங்கி ஒரு வேலை பாத்துக்கலாமா? நீங்க இருக்கீங்களே’ என்று கேட்டான். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுள் இக்கேள்வியைக் கேளாத குடும்பம் குறைவு. கேட்பவன் தீயவன் அல்லன். கடன் வாங்கிப் படித்தவன். முகவர் கேட்கும் இலட்சங்கள் இல்லாதவன். இங்கே ஒரு மாமா இருக்கிறார் என்ற நம்பிக்கை மட்டும் உள்ளவன். எனினும், அதற்குரிய விடை ஒன்றுதான். சுற்றிப்பார்க்க வருவோர்க்கு ஒரு வாசல். வேலைக்கு வருவோர்க்கு வேறு வாசல். வேலைக்கான அனுமதியை முதலாளி முன்கூட்டியே பெற வேண்டும். அது இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவர்க்கு 20,000 வெள்ளி வரை தண்டமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். காலம் கடந்து 90 நாளுக்கு மேல் தங்கிப் பிடிபடும் இளைஞனுக்கு 6 மாதம் வரை சிறையோடு, குறைந்தது 3 பிரம்படியும் உண்டு. இவற்றை ஒன்றொன்றாகச் சொன்னேன். ‘சட்டம் கிடக்கட்டும், நீங்க மனசு வெச்சா நடக்காதா?’ என்றான். ‘நடக்காது, நடத்தவும் மாட்டேன்’ என்றேன்.

மறுநாள் அத்தை பேசினார். குரலில் வருத்தம் இருந்தது. ‘உங்கப்பன் போனப்ப யாரு தம்பி கடுதாசி கேட்டா? இடுப்பு வேட்டியோட போனான். அவனை யாரும் நீ எதுக்கு வந்தேன்னு கேக்கலையே. நீங்க உள்ள போயிட்டு, எங்களுக்குக் கதவைச் சாத்துறீங்களா?’ என்றார்.

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. சட்டத்தை எடுத்துச் சொல்வது எளிது. ஆனால் அத்தை கேட்டது சட்டத்தைப் பற்றியது அன்று, நியாயத்தைப் பற்றியது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவர் 1950இல் கப்பல் ஏறினார். மற்றவர் ஏழு வயதுச் சிறுமி ஆகையால் கரையில் நின்றார். அந்த ஒரு வேறுபாட்டினால் அவருடைய மகனாகிய நான் கையெழுத்திடும் பக்கத்திலும், இவருடைய பேரன் காத்திருக்கும் பக்கத்திலும் நிற்கிறோம். இதில் என் திறமை ஏதும் இல்லை. அவன் குற்றமும் ஏதும் இல்லை.

தந்தையாருக்கு அண்மைக்கால நினைவுகள் மங்கினாலும் பழைய நினைவுகள் தெளிவாகவே இருந்தன. அத்தை சொன்னதை அவரிடம் உரக்கச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘என்னையும் கேட்டார்கள்’ என்றார். செம்பவாங்கில் அந்நாளில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் அவர் வேலைக்குச் சென்றபோது, ஆள் எடுப்பவர், ‘இவன் யார்?’ என்று கேட்டாராம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முன்னே வந்து, ‘என் தம்பி மகன்’ என்றாராம். உண்மையில் இரு குடும்பத்துக்கும் எவ்வித உறவும் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டதற்காக அவர், முதல் சம்பளம் கைக்கு வந்து கடன் அடையும் வரையில், நான்கு மாதம் தந்தையாருக்குச் சோறு போட்டார். தம் பாயில் பாதியைக் கொடுத்தார். காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தார். ‘அவர் சொன்னது பொய். ஆனால் சொன்னபின் அதை மெய்யாக்கிவிட்டார்’ என்று தந்தையார் கூறினார்.

தந்தையாரின் சொற்களை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். அன்றும் ஒருவர் மற்றொருவருக்காக வாய் திறந்து பொறுப்பேற்க வேண்டியிருந்தது. இன்றும் அதுவேதான். அன்று சொல்லாக இருந்தது இன்று கையெழுத்தாக இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், அன்று பொறுப்பேற்றவர் சோறும் பாயும் கொடுத்து அதை நிறைவேற்றினார். இன்று கையெழுத்திட்டவுடன் கடமை முடிந்ததென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அல்லது, கையெழுத்திட்டால் வம்பு வருமென்று அஞ்சித் தொலைபேசியை எடுக்காமலே விட்டுவிடுகிறோம். இரண்டும் உறவாகா. மருமகனிடம் இல்லை என்று சொன்ன நான், அத்தோடு நின்றுவிட்டால் கதவைச் சாத்தியவனே ஆவேன். ஆகவே அவனை அழைத்து நெடுநேரம் பேசினேன். பாட்டியைக் கூட்டிவந்து, உரிய நாளில் கூட்டிச் செல்வதாக அவன் வாக்குக் கொடுத்தான். அவன் கடனில் ஒரு பகுதியை நான் ஏற்பதாகவும், அவனது பட்டயத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு ஊரிலேயே உதவுவதாகவும் நான் வாக்குக் கொடுத்தேன். அவன் சொல்லை நம்பினேன். இருவருக்கும் அறிமுகக் கடிதம் கொடுத்துச் செப்டம்பரில் விண்ணப்பங்களை அனுப்பினேன்.

அத்தைக்கு அனுமதி கிடைத்தது. மருமகனுக்குக் கிடைக்கவில்லை.

காரணம் சொல்லப்படவில்லை, சொல்லும் வழக்கமும் இல்லை. எந்த நாடும் தன் வாசலில் யாரை விடுவது என்பதைத் தானே முடிவு செய்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டு மறைந்து போனவர்களையும் அது கண்டிருக்கும். ஓர் இளைஞன் மாமனுக்குக் கொடுத்த வாக்கைத் தாளில் அளந்து பார்க்க அதிகாரியிடம் அளவுகோல் இல்லை. இதையெல்லாம் என் அறிவு ஏற்றுக்கொண்டது. ஆனால், செய்தியைச் சொன்னபோது மருமகன், ‘பரவாயில்லை மாமா’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நானே எழுதி நிறுத்திவிட்டேன் என்று அவன் கருதினானோ என்னவோ! நான் கொடுத்த வாக்கின்படி பணம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டான். அதன்பின் அவன் தானாக என்னை அழைத்ததில்லை. ஒரு தாளினால் நேர்ந்த புண்ணை ஆற்ற வேறு தாள் இல்லை. காலமும் நடத்தையுமே ஆற்ற வேண்டும்.

பேரனுக்குப் பதிலாக அத்தையின் மகள் புறப்பட்டார். அவருக்குக் கடப்பிதழ் எடுத்து, மீண்டும் அதே கட்டங்களை நிரப்பி, மீண்டும் காத்திருந்து, நவம்பர் முதல் வாரத்தில் இருவரும் திருச்சியில் விமானம் ஏறினர். சாங்கியில் அவர்களுக்கு 30 நாள் தங்க அனுமதி கிடைத்தது. இப்பொழுது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை. அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. அத்தைக்கு அதுதான் பெருங்குறை. வெற்றுத் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ‘ஒரு அச்சுகூடக் குத்தலையே, நான் வந்தேன்னு ஊர்ல யாரு நம்புவா?’ என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அண்ணன் கட்டிலுக்குச் சென்று, அவர் காலடியில் அமர்ந்து, போர்வையை விலக்கிப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். தந்தையார் சில நொடி உற்று நோக்கினார். திரையில் அடையாளம் தெரியாத முகம் நேரில் தெரிந்தது. ‘பாப்பா’ என்றார். எண்பது வயது மூதாட்டியைப் பாப்பா என்று அழைக்க உலகில் அந்த ஒருவர்தாம் எஞ்சியிருந்தார். ‘யாரோடு வந்தே?’ என்று கேட்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, ‘உன் மவன் கையெழுத்தோட வந்தேன்’ என்றார். என்மீது அவருக்கிருந்த வருத்தம் முழுதும் நீங்கிற்று என்று நான் சொல்ல மாட்டேன். பேரனைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். எனினும் நவம்பர் 12 அன்று தீபாவளிக்கு அண்ணன் தலையில் தம் கையால் எண்ணெய் வைத்தார். 1949க்குப் பின் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த தீபாவளி அதுவே. இருபத்துநான்காம் நாள், அனுமதிக் காலத்துக்கு முன்னரே, ‘போயிட்டு வரேன்’ என்று அண்ணனிடம் விடைபெற்றார். வர இயலாது என்பது இருவருக்கும் தெரியும். தமிழில் விடைபெறுவதற்கு வேறு சொல் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் மலேசியா, இந்தியக் குடிமக்கள் விசா இன்றி வந்து 30 நாள் வரை தங்க வழி செய்தது. 2024 இறுதி வரை என்று சொல்லப்பட்ட அச்சலுகை பின்னர் 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டி நிரப்பினால் போதும். ஜொகூர் பாலத்துக்கு இப்பால் படிவமும் அறிமுகக் கடிதமும். அப்பால் அவை இல்லை. வாசல்களின் அகலம் அரசுகளின் கணக்கைப் பொறுத்தது. அது கூடும், குறையும். அதை நாம் முடிவு செய்ய இயலாது. ஆனால், வாசலுக்கு வரும் உறவினருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அத்தைக்காகத் தாள்களைத் திரட்டிய அந்த ஏழு மாதங்கள் எனக்குக் கற்பித்தவற்றை மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டு முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பெற்றோர் பெயரையும் உடன்பிறந்தார் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். தமிழில் ஒரு முறை எழுதுங்கள். ஒவ்வோர் ஆவணத்திலும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே மறு முறை எழுதுங்கள். எவர் உங்களுக்கு என்ன முறை என்று குறியுங்கள். ஆசிரியர்கள் உறவுப்பெயர்களைப் பாடமாக நடத்தும்போது, பட்டியலை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய கடமை யாது என்று மாணவர் தம் வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். அத்தை என்றால் யார் என்பது அகராதியில் இருக்கிறது. அத்தைக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

உதவி கேட்டு வருபவரிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எது இயலும், எது இயலாது, எத்தனை நாள் ஆகும், பணம் திரும்புமா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய்த் தாளுக்கு இசையலாகாது. அது நம்மைக் காட்டிலும் வருபவரையே முதலில் சுடும். இயலாது என்று சொல்ல நேர்ந்தால், சொன்னதோடு எழுந்து போய்விடாமல், இயலும் வேறொன்றைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கும் கைவிடுவதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. அதைக் காட்டாத மறுப்பைத்தான் உறவினர் கதவடைப்பு என்கிறார்கள்; அவர்கள் அப்படிச் சொல்வதிலும் தவறில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டம் கையெழுத்துக்கு உரியது. அதில் நாம் எழுதுவது நம் பெயரைத்தான். ஆனால் அதன் பொருள், ‘இவர் என்னைச் சேர்ந்தவர்’ என்பது. கடற்படைத் தளத்தின் வாசலில் உறவில்லாத ஒருவர் அதைச் சொல்லி, நான்கு மாதம் சோறிட்டு மெய்யாக்கினார். உறவுள்ள நாம் எழுதுவதை மெய்யாக்க, விருந்தினர் விமானம் ஏறிச் சென்ற பின்னும் செய்ய வேண்டியவை சில உள. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குச் செல்ல நானும் விசா எடுக்க வேண்டும்; இங்கிருந்து அங்கே செல்வதற்கும் இன்று அது இன்றியமையாதது. அப்படிவத்தில், அங்கே எனக்கு அறிமுகமானவர் யார் என்று கேட்கும் கட்டத்தில், மருமகன் பெயரை எழுதலாம் என்று எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் அவனை அழைத்து, எழுதலாமா என்று கேட்க வேண்டும்.